டிரைசூட்டுக்கு எந்த எக்ஸாஸ்ட் வால்வு: கைமேல ஆட்டோவா, மணிக்கட்டுல கஃப் டம்ப்பா, ரெண்டுமா?

செட்டிநாட்டுல இருந்துக்கிட்டு டிரைசூட் (குளிர் தண்ணியில உடம்பு நனையாம டைவ் பண்றதுக்குப் போடுற, உள்ள காத்து நிக்கிற சூட்) பத்தி எழுத என்ன இருக்குன்னு கேக்கலாம். நம்ம பக்கம் கண்மாயும் ஊருணியும்தான், கடல் வேணும்னா தொண்டிக்குப் போகணும், அங்கயும் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், டிரைசூட் போட்டா வெந்துருவோம். ஆனா கடல் தாண்டிப் பொழைக்கப் போறது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்ல, அந்தக் காலத்துல பர்மா, மலாயா, இப்ப நார்வே, ஸ்காட்லாந்து, கனடான்னு போறாங்க, அதுல சால்மன் பண்ணையில வலை பாக்குற டைவர் வேலைக்குப் போறவங்களும் இருக்காங்க, படிக்கப் போன இடத்துல டைவிங் கத்துக்கிட்டவங்களும் இருக்காங்க. இவங்க எல்லாரும் முதல் சூட் ஆர்டர் பண்ணும்போது வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான். சூட் தைக்கிற கம்பெனி அனுப்புற ஃபாரத்துல கலர், ஜிப், பூட்ஸ் எல்லாத்தையும் டிக் பண்ணிட்டு, எக்ஸாஸ்ட் வால்வுங்கிற வரிக்கு வந்ததும் "அண்ணே, இதுல எதைப் போடுறது"ன்னு மெசேஜ் வருது.

நல்ல கேள்வி, கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கலர் தப்பாப் போனா ஒண்ணும் ஆகாது, இந்த வால்வு உங்க கைக்கும் வேலைக்கும் பொருந்தலைன்னா ஒவ்வொரு தடவை மேல வரும்போதும் மல்லுக்கட்டணும். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கோர்ஸ் முடிக்காம இதை வச்சு மட்டும் தண்ணியில இறங்கிடாதீங்க, இது வாங்குறதுக்கான விஷயம் மட்டும்தான்.

முதல்ல, இந்த வால்வு என்ன வேலை செய்யுது

கடல் மட்டத்துல பிரஷர் 1 பார், அதுக்குக் கீழ ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு 1 பார் கூடும், 30 மீட்டர்ல 4 பார். கீழ போகப் போக சூட்டுக்குள்ள இருக்கிற காத்து சுருங்கி துணி உடம்பைக் கவ்வும், அதுக்காக நெஞ்சுல இருக்கிற இன்ஃப்ளேட்டரை அமுக்கி காத்து விடுறோம். மேல வரும்போது அதே காத்து விரியும், அதை வெளிய விடுறதுதான் எக்ஸாஸ்ட் வால்வு.

30 மீட்டர்ல சூட்டுக்குள்ள 5 லிட்டர் காத்து இருக்குன்னு வைங்க. வெளிய விடாமலே வந்தா 20 மீட்டர்ல அது சுமார் 6.7 லிட்டர், 10 மீட்டர்ல 10 லிட்டர், மேல வந்து சேரும்போது 20 லிட்டர். ஒரு லிட்டர் காத்து கடல்தண்ணியில சுமார் ஒரு கிலோவைத் தூக்கும். அப்ப முதல் 10 மீட்டர் ஏறும்போது கூடுனது 2 கிலோகூட இல்ல, கடைசி 10 மீட்டர்ல மட்டும் 10 கிலோ. அதனாலதான் ஆழத்துல ஒழுங்கா இருந்த ஆள் 6 மீட்டருக்கு வந்ததும் பிடி இல்லாம மேல போயிடுறார். வேகமா மேல போனா நுரையீரல் காயத்துல இருந்து டிகம்ப்ரஷன் சிக்னஸ் (பிரஷர் சட்டுன்னு குறையுறதால உடம்புக்குள்ள குமிழி உண்டாகிற நோய்) வரைக்கும் எல்லாத்துக்கும் வழி திறந்துடும். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறக் கூடாதுன்னு நிறைய இடத்துல கத்துக் குடுக்கிறாங்க, அந்த வேகத்தைக் கையில வச்சிருக்கிறதுல பாதி இந்தச் சின்ன வட்டத்தைப் பொறுத்தது.

பத்து சென்டிமீட்டர் கணக்கு

இதைப் புரிஞ்சுக்கிட்டா பிராண்டு குழப்பம் பாதி தீர்ந்துடும், அதனால பொறுமையாப் படிங்க.

சூட்டுக்குள்ள இருக்கிற காத்து எப்பவும் உடம்போட உசரமான பக்கத்துக்கு ஓடும். அந்தக் காத்துக் குமிழியோட பிரஷர், குமிழியோட அடிப்பக்கம் எந்த ஆழத்துல இருக்கோ அந்த ஆழத்துத் தண்ணி பிரஷருக்குச் சமமா இருக்கும். வால்வு குமிழியோட உச்சியில இருந்தா வால்வுக்கு வெளிய தண்ணி பிரஷர் கொஞ்சம் கம்மி, உள்ள காத்து பிரஷர் கொஞ்சம் அதிகம், இந்த வித்தியாசம்தான் வால்வோட ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்குது. 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கு சுமார் 10 மில்லிபார், அவ்வளவுதான். அதாவது வால்வுக்கும் குமிழியோட அடிக்கும் நடுவுல 20 சென்டிமீட்டர் இருந்தா 20 மில்லிபார் தள்ளும். ஸ்பிரிங் அதைவிட இறுக்கமா திருகி இருந்தா திறக்காது, லூசா இருந்தா திறக்கும்.

இதுல இருந்து மூணு விஷயம் வருது. முழுசாத் திறந்து வச்சிருந்தாலும் வால்வு கீழயும் காத்து மேலயும் இருந்தா ஒரு குமிழிகூட வெளிய போகாது. வால்வை இறுக்கி வச்சா பெரிய குமிழி உள்ள தங்கும், பெரிய குமிழி தலை கீழ சாஞ்ச உடனே காலுக்கு ஓடும். கையை உசத்துறதுங்கிறது வெறும் போஸ் இல்ல, அதுதான் நீங்க வால்வுக்குக் குடுக்கிற பிரஷர். அப்ப கேள்வி எந்த வால்வு ஒசத்திங்கிறது இல்ல, நீங்க தண்ணியில எப்படிப் படுப்பீங்க, வேலை செய்யும்போது கை எங்க இருக்கும், காத்து அந்த இடத்துக்கு வந்து சேருமாங்கிறதுதான்.

எதையெல்லாம் வச்சுப் பாக்கணும்

நான் பாக்கிற வரிசையில சொல்றேன். முதல் விஷயம், காத்து வால்வு வரைக்கும் தடை இல்லாம வருதா. இது வால்வைவிட, குளிருக்காக சூட்டுக்கு உள்ள போடுற அண்டர்சூட்டைப் பொறுத்தது, தடிமனான பஞ்சு அண்டர்சூட் வால்வோட உள்பக்க ஓட்டையில போய் ஒட்டிக்கிச்சுன்னா எவ்வளவு நல்ல வால்வும் மூச்சு விடாது. அடுத்தது கிளவுஸ் போட்ட கையால அதைத் தடவிக் கண்டுபிடிச்சுத் திருக முடியுதா. மூணாவது, ரெண்டு கையும் வேலையில இருக்கும்போது அதுபாட்டுக்குக் காத்தை விடுமா. நாலாவது, வேண்டாத நேரத்துல காத்தை விட்டுருமா, இதை யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க, ஆனா குளிர்ல இது பெரிய விஷயம். அஞ்சாவது, காத்து போற வழியில தண்ணி உள்ள வருமா. கடைசியா ஸ்பேர், சர்வீஸ், மாத்தணும்னா என்ன செலவு.

விலையை நான் கடைசியில வச்சேன், காரணம் இருக்கு. சூட்டோட மொத்த விலையில வால்வு ரொம்பச் சின்னப் பங்கு. அதுல மிச்சம் பிடிக்கிறது சரியான இடம் இல்ல.

ஒண்ணு: கைமேல உக்காருற ஆட்டோ வால்வு, உசரமான தலை

இடது மேல்கையில வெளிப்பக்கமா, தோளுக்குக் கொஞ்சம் கீழ இருக்கும். திருகுற மூடி உசரமா, பிடிக்க வாகா இருக்கும். வலது பக்கம் திருகினா ஸ்பிரிங் இறுகும், இடது பக்கம் திருகினா திறக்கும், நடுவுல அமுக்கினா ஸ்பிரிங் எப்படி இருந்தாலும் உடனே காத்து போகும். பொதுவா இப்படித்தான், ஆனாலும் உங்க வால்வோட கையேட்டைப் பாத்துக்கங்க.

மேல வரும்போது முழுசாத் திறந்து விட்டுட்டு இடது முழங்கையை உசத்தினா காத்து அதுபாட்டுக்கு வெளிய போகும். இறங்கும்போதும் அடியில இருக்கும்போதும் எவ்வளவு திறந்து வைக்கிறதுங்கிறதுல ரெண்டு பழக்கம் இருக்கு. ஒரு சாரார் டைவ் முழுக்கத் திறந்தே வைப்பாங்க, இன்னொரு சாரார் சூட்டுக்குள்ள காத்து நின்னாத்தான் குளிர் அடங்கும்னு கொஞ்சம் இறுக்கி வச்சு ஏறுறதுக்கு முன்னாடி திறப்பாங்க. நான் முதல் பழக்கத்துப் பக்கம்தான் நிப்பேன், புதுசா போடுறவங்களுக்குக் கண்டிப்பா அதுதான் சொல்வேன், ஏன்னா இறுக்கினதை ஏறும்போது மறந்துட்டா மேல சொன்ன 10 லிட்டர் கணக்கு அப்படியே வந்து நிக்கும்.

உசரமான தலையோட பெரிய பலம் கிளவுஸ்தான். 4 டிகிரி தண்ணியில அரை மணி நேரம் கழிச்சு விரல் மரத்துப் போன கையால, அதுவும் டிரை கிளவுஸ்குள்ள தடிமனான உள் கிளவுஸ் போட்டுக்கிட்டு, ஒரு மூடியைத் தேடித் திருகுறது எவ்வளவு கஷ்டம்னு போட்டவங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துல அரை இஞ்ச் கூடுதல் உசரம் பெரிய உதவி.

பலவீனம், அதே உசரம். மீன் பண்ணை வலையில வேலை செய்யறவங்களுக்கு வலைக் கண்ணி மாட்டும். பழைய கப்பலுக்குள்ள நுழையறவங்களுக்கு இடிக்கும், இடிச்சா அமுங்கும், அமுங்கினா காத்து போகும். சிலிண்டரை முதுகுல தாங்குற ஹார்னஸ் பட்டையை மாட்டும்போதும் கழட்டும்போதும் வார் அதுல சிக்கும்.

ரெண்டு: அதே ஆட்டோ வால்வு, தட்டையான தலை

வேலை செய்யுற விதம் ஒண்ணேதான், மூடி மட்டும் தட்டை. ஸ்வீடன்ல இருந்து வர்ற எஸ்ஐ டெக், இங்கிலாந்து ஏபெக்ஸ் ரெண்டும் நிறைய சூட்ல பாக்கலாம், தட்டை வகை இப்ப பரவலா வருது. எதுலயும் மாட்டாது, பட்டைக்கு அடியில போனாலும் இடைஞ்சல் கம்மி. இதுல விளிம்புல இருக்கிற பள்ளம் மேடு எவ்வளவு ஆழம்னு பாருங்க, அதைத்தான் கிளவுஸ் விரல் பிடிக்கப் போகுது. வழுவழுன்னு இருக்கிற மூடி கடையில அழகா இருக்கும், குளிர்ல வழுக்கும்.

வெறும் கையால திருகிப் பாத்து வாங்காதீங்க. நீங்க போடப் போற கிளவுஸை எடுத்துட்டுப் போய், கையை சோப்புத் தண்ணியில நனைச்சு, கண்ணை மூடித் திருகிப் பாருங்க. முழுசா மூடின நிலையில இருந்து முழுசாத் திறந்த நிலைக்கு ஒரே பிடியில கொண்டு வர முடியுதான்னு பாருங்க. ரெண்டு மூணு தடவை கையை எடுத்து எடுத்துப் பிடிக்க வேண்டி இருந்தா உசரமான தலைக்கே போயிடுங்க.

இந்த ரெண்டு வகைக்கும் பொதுவான ஒரு சிக்கல், வால்வு வைக்கிற இடம். சூட் ரெடிமேடா வந்தா ஸ்லீவ் லூசா இருக்கும், தண்ணிக்குள்ள கை மடக்கினதும் ஸ்லீவ் சுத்திக்கிட்டு வால்வு அக்குள் பக்கமோ முதுகுப் பக்கமோ போயிடும். அப்புறம் நீங்க முழங்கையை உசத்துறீங்க, வால்வு உச்சியில இல்ல, காத்து கழுத்துல நிக்குது. அளவெடுத்துத் தைக்கிறவங்க அண்டர்சூட், ஹார்னஸ் எல்லாம் போட்டுக்கிட்டு இடது முழங்கையை உசத்தி நின்னு, எது உச்சியோ அந்த இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க. அளவு ஃபாரத்துல கம்பெனிக்காரன் இதைக் கேக்கலைன்னாலும் அனுப்புங்க.

இன்னொண்ணு, மிதப்புக்காக மாட்டுற விங் ஜாக்கெட்டோட இன்ஃப்ளேட்டர் ஹோஸும் இடது பக்கம்தான். ஜாக்கெட் காத்தை விடுறதுக்கு இடது கையில ஹோஸைத் தூக்கினா சூட்டும் சேந்து காத்தை விடும். ரெண்டும் ஒரே நேரத்துல இறங்குறது பழகுற வரைக்கும் திடுக்குன்னு இருக்கும், பழகினா வசதி.

மூணு: மணிக்கட்டு டம்ப், அதாவது கஃப் டம்ப்

இது இடது மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, முன்கையில சின்னதா உக்காந்திருக்கும். திருகுறதுக்கு ஒண்ணும் இல்ல. கையை உசத்தினா காத்து போகும், இறக்கினா நிக்கும்.

நம்ம பத்து சென்டிமீட்டர் கணக்கை இங்க போட்டுப் பாருங்க. தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் அரை மீட்டருக்கு மேல இருக்கும், கையை முழுசா மேல நீட்டினா தோள் மட்டத்துல இருக்கிற காத்துக்கே 50 மில்லிபாருக்கு மேல கிடைக்குது. அதனால காத்து வேகமாப் போகும், கையை எவ்வளவு உசத்துறோம்ங்கிறதை வச்சு எவ்வளவு போகணும்னு துல்லியமாக் கட்டுப்படுத்தலாம், விரல் மரத்துப் போனாலும் கவலை இல்ல, திருகவே வேண்டாம். பழகினவங்க இதை விட்டு வர மாட்டாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

ஆனா எதுக்கு வேண்டாத நேரத்துல காத்து போறதைப் பாக்கச் சொன்னேன்னா இதுக்காகத்தான். மேல வர்ற வழியில கொஞ்ச நேரம் நிக்கிற ஸ்டாப்ல கயித்தைப் பிடிச்சு நிக்கும்போது இடது கையால மேல பிடிச்சா சூட் காலியாகிக்கிட்டே இருக்கும், துணி உடம்பைக் கவ்வும், குளிரும், மறுபடியும் காத்து விடணும், மறுபடியும் போகும். தண்ணி நம்ம உடம்போட வெப்பத்தைக் காத்தைவிட 20 மடங்குக்கு மேல வேகமா இழுக்கும், அந்தக் காத்து அடுக்குதான் உங்க கம்பளி. ட்வின்செட் (முதுகுல ரெண்டு சிலிண்டர்) போடுறவங்க பின்னாடி கையை நீட்டி சிலிண்டர் வால்வை மூடிப் பழகுவாங்க, அப்பவும் கை உசரும், காத்து போகும். வலையைத் தலைக்கு மேல பிடிச்சுத் தைக்கிறவங்களுக்கு வேலை நேரம் முழுக்க இதே கதைதான்.

அப்புறம் வழி. காத்து தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஸ்லீவுக்குள்ள போய்ச் சேரணும். ஸ்லீவ் டைட்டா இருந்தாலோ, அண்டர்சூட் கையில சுருண்டிருந்தாலோ, முன்கையில டைவ் கம்ப்யூட்டர் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாலோ வழி அடைபடும். கஃப் டம்ப் போடுறவங்க கம்ப்யூட்டரை வலது கைக்கு மாத்திடணும், இல்லைன்னா வால்வுக்குக் கீழ, கை விரல் பக்கமா வர்ற மாதிரி கட்டணும்.

ரெண்டு கையிலயும் சாமான் இருக்கும்போது, கை கீழ இருக்கும்போது, இது எதுவும் செய்யாது. ஆட்டோ வால்வாவது ஒரு சாய்வுல அதுபாட்டுக்கு விடும். மயங்கிப் போன பார்ட்னரை மேல கொண்டு வர்றப்ப யோசிச்சுப் பாருங்க, உங்க சூட்டையும் பாக்கணும், அவரோட சூட்டையும் பாக்கணும், ரெண்டு கஃப் டம்ப்பையும் உசத்திப் பிடிக்க எத்தனை கை வேணும். இது ஒண்ணுக்காகவே வேலைக்கு டைவ் பண்றவங்களுக்கு கஃப் டம்ப்பை மட்டும் தனியா நான் சொல்ல மாட்டேன்.

நாலு: ரெண்டையும் வைக்கிறது

மேல்கையில ஆட்டோ, மணிக்கட்டுல கஃப் டம்ப். ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு இருக்குங்கிறது உண்மையான பலம். ஆனா சூட்ல இன்னொரு ஓட்டை, இன்னொரு டயாஃபிரம் (வால்வுக்குள்ள திறந்து மூடுற ரப்பர் வட்டம்), தண்ணி ஒழுக இன்னொரு இடம். கஃப் டம்ப்போட எல்லாத் தொந்தரவும் கூடவே வரும், ஏன்னா கை உசந்தா அது திறக்கத்தான் போகுது, ஆட்டோவை நீங்க எவ்வளவு இறுக்கி வச்சாலும் சரி. தோள் அசைவு குறைஞ்சவங்களுக்கு, முழங்கையை உசத்த முடியாதவங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. மத்தவங்களுக்கு இந்தக் காசை அண்டர்சூட்ல போடுங்கன்னுதான் சொல்வேன்.

கணுக்கால்ல டம்ப் வைக்கலாமான்னும் சிலர் கேக்கறாங்க, கால் மேல போயிட்டா காத்து அங்கயே போகட்டும்னு. கால் மேல போனா முழங்காலை மடக்கி உருண்டு நிமிர்றதைப் பழகுறது, பூட்ஸை அளவா எடுக்கிறது, கெண்டைக்கால்ல காத்து சேராம கெய்ட்டர் பட்டை கட்டுறது, இது மூணும் அந்த வால்வு செய்யுற வேலையைச் செய்யும். எப்பவும் தண்ணியில கீழ இருக்கிற இடத்துல ஒரு வால்வு வச்சா ஒழுக்குதான் மிச்சம்.

பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| பாக்குறது | உசரத் தலை ஆட்டோ | தட்டைத் தலை ஆட்டோ | கஃப் டம்ப் | ரெண்டும் |
|---|---|---|---|---|
| தடிமன் கிளவுஸ் | ரொம்ப சுலபம் | மூடியோட விளிம்பைப் பொறுத்தது | திருகவே வேண்டாம் | பாதி வேலை சுலபம் |
| ரெண்டு கையும் வேலையில | திறந்து வச்சா தானா விடும் | அதே மாதிரி | விடாது | தானா விடும் |
| கயித்துல தொங்கும்போது | இறுக்கி நிறுத்தலாம் | இறுக்கி நிறுத்தலாம் | காத்து போய்க்கிட்டே இருக்கும் | போய்க்கிட்டே இருக்கும் |
| வலை, பட்டை மாட்டுறது | மாட்டும் | கம்மி | தோள்ல இல்ல, முன்கையில கொஞ்சம் | கூடுதல் |
| காத்து வர்ற வழி | கிட்டக்க | கிட்டக்க | நீளம், அடைபடலாம் | ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு |
| பராமரிப்பு | ஒண்ணு | ஒண்ணு | ஒண்ணு, பாகம் கம்மி | ரெண்டு மடங்கு |

ஃபாரத்துல தெரியாத செலவு

வால்வு விலையோட நிக்காது. பழைய சூட்ல வகையை மாத்தணும்னா ஏற்கனவே இருக்கிற ஓட்டை புது வால்வுக்குப் பொருந்துமான்னு பாக்கணும், பொருந்தலைன்னா பேட்ச் ஒட்டி அடைச்சு வேற இடத்துல வெட்டணும், அந்தக் கூலி வால்வு விலையைத் தாண்டிடலாம். நியோப்ரீன் (நுரை ரப்பர்) சூட்டும் டிரைலாமினேட் (மூணு அடுக்கு மெல்லிசுத் துணி) சூட்டும் தடிமன்ல ரொம்ப வித்தியாசம், ஒரு துணிக்கு வந்த உள்தட்டு இன்னொண்ணுல இறுகாது, ஆர்டர் பண்ணும்போதே எந்தத் துணின்னு சொல்லிடுங்க.

அண்டர்சூட்டுக்கும் செலவு இருக்கு. காத்துப் புகாத படலம் வச்ச அண்டர்சூட் வாங்கினா வால்வு வர்ற இடத்துல காத்துப் போற துளையோ வலைத்துணியோ இருக்கணும். இல்லாம வாங்கிட்டு வால்வு சரியில்லன்னு வால்வை மாத்துறவங்களைப் பாத்திருக்கேன், புது வால்வும் அதே மாதிரிதான் நிக்கும், ஏன்னா குத்தம் அதுல இல்ல. மேல்கையில வால்வு இருக்கிற சூட்டுக்கு வாங்கின அண்டர்சூட்டை கஃப் டம்ப் சூட்டுக்குப் போட்டா துளை தப்பான இடத்துல இருக்கும்.

சர்வீஸ் கிட்டும் கணக்குல வரணும். டயாஃபிரம், ஓ-ரிங், கேஸ்கெட் மூணும் ஒரு செட் சூட்டோடயே வாங்கி வச்சுக்கங்க. விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்துல வேணும்னா காரைக்குடியில கிடைக்காது, வெளிநாட்டுல இருந்து ஒரு சின்ன ரப்பர் வட்டத்தை வரவழைக்க கூரியரும் கஸ்டம்ஸும் சேந்து அதோட விலையை முழுங்கிடும்.

தண்ணி உள்ள வந்தா வால்வை உடனே திட்டாதீங்க

இடது கை ஈரமா வந்தா முதல்ல பாக்க வேண்டியது பஞ்சு. அண்டர்சூட்ல இருந்து உதிர்ற நூல், முடி, மணல் ஒரு துகள் டயாஃபிரத்துக்கும் அது உக்காருற விளிம்புக்கும் நடுவுல மாட்டிக்கிச்சுன்னா வால்வு மூடாது. நம்ம கிணத்து மோட்டார்ல ஃபுட் வால்வுல ஒரு சின்னக் கல்லு மாட்டினா தண்ணி இறங்கிப் போய் மோட்டார் இழுக்காம நிக்கும்ல, அதே விஷயம்தான். கழட்டி, நல்ல தண்ணியில அலசி, டயாஃபிரத்தை விளக்கு வெளிச்சத்துல பிடிச்சு மடிப்பு, வெட்டு இருக்கான்னு பாத்துட்டு மாட்டினா பெரும்பாலும் சரியாயிடும்.

அதுல நிக்கலைன்னா கழுத்து சீல், மணிக்கட்டு சீல் ரெண்டையும் அடைச்சு, எக்ஸாஸ்ட்டை முழுசா இறுக்கி, சூட்டுக்குள்ள காத்து ஊதி சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. வால்வைச் சுத்தி குமிழி வந்தா கேஸ்கெட், நடுவுல வந்தா டயாஃபிரம், எங்கயும் வரலைன்னா அது வேர்வையா இருக்கலாம். கடுமையா வேலை செஞ்சு வேர்த்ததை ஒழுக்குன்னு நினைச்சு வால்வை மாத்தாதீங்க.

மைனஸ்ல இருக்கிற இடத்துல ரெண்டு டைவுக்கு நடுவுல வால்வுல தங்கின தண்ணி உறைஞ்சு பிடிச்சுக்கும். கரைக்கு வந்ததும் ரெண்டு மூணு தடவை அமுக்கி தண்ணியை உதறிட்டு, சூட்டைக் காத்துல தொங்கவிடாம வண்டிக்குள்ள வைங்க. மறுபடி இறங்குறதுக்கு முன்னாடி அமுக்கினா அமுங்கி வெளிய வருதான்னு பாருங்க.

நம்ம ஊர்ப் பக்கம் சூட்டை வைக்கிறவங்களுக்கு

லீவுக்கு வரும்போது சூட்டையும் தூக்கிட்டு வர்றவங்க இருக்காங்க, அவங்களுக்கு இது. போர் தண்ணி உப்பா இருக்கிற வீட்ல அதுல அலசிக் காய வச்சா வெள்ளையா உப்பு படியும், ஸ்பிரிங்கைச் சுத்தியும் டயாஃபிரம் விளிம்புலயும் அது உக்காந்தா மூடி கரகரன்னு சுத்தும். பழைய வீடுகள்ல முத்தத்துல அண்டாவுல பிடிக்கிற மழைத்தண்ணி இதுக்கு அருமையான தண்ணி, இல்லைன்னா கடைசி அலசலை மட்டுமாவது குடிதண்ணில முடிங்க. உப்பு காஞ்சு ஈரம் பட்டு மறுபடி காயிறதுதான் உலோகத்தைத் தின்னும், கடல்தண்ணி அரிப்பைப் பாக்குறதுக்குன்னே நம்ம காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துல ஒரு நிலையம் வச்சிருக்குன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு பாத்துக்கங்க. அலசும்போது மூடியை முழுசா மூடி ஒரு தடவை, முழுசாத் திறந்து ஒரு தடவை தண்ணியை ஓட விடுங்க.

வைக்கும்போது முழுசாத் திறந்து வைங்க, ஸ்பிரிங் மாசக்கணக்குல அமுங்கிக் கிடக்க வேண்டாம். மாடி ரூம், ஓட்டுக்கு அடியில இருக்கிற பரண் ரெண்டும் வேண்டாம், சித்திரை வெயில்ல அங்க ரப்பர் பிசுபிசுன்னு ஆயிடும். கீழ, கனமான சுவருக்குள்ள குளுகுளுன்னு இருக்கிற உள் அறைதான் சரி. லேடெக்ஸ் சீலுக்குப் பவுடர் போடுறவங்க வால்வு மேல கொட்டாம பாத்துப் போடுங்க, பவுடரும் ஈரமும் சேந்தா விளிம்புல கட்டியாப் பிடிக்கும்.

அப்ப யாருக்கு எது

முதல் சூட், குளிர் தண்ணி, தடிமன் கிளவுஸ்னா உசரத் தலை ஆட்டோ, ரெண்டாவது யோசனையே வேண்டாம். மீன் பண்ணையில வலைக்குள்ள வேலைன்னா தட்டைத் தலை ஆட்டோ, ஆனா மூடியோட விளிம்பைக் கிளவுஸோட சோதிச்ச பிறகு. கேமரா பிடிச்சுக்கிட்டு படுத்த மாதிரியே நீந்துறவங்களுக்கும் தட்டைத் தலைதான், கூடவே வலது தோளைச் சாச்சு இடது முழங்கையை உசத்துற உருளலை நல்லாப் பழகணும், படுத்த நிலையில காத்து முதுகுல நிக்கும், கைமேல இருக்கிற வால்வுக்கு அது எட்டாது. விரல்ல பலம் இல்லாதவங்க, கைமூட்டு வலி இருக்கிறவங்க, கயித்துல தொங்காம சும்மா சுத்திப் பாக்க மட்டும் போறவங்களுக்கு கஃப் டம்ப் நல்லா ஒத்துப் போகும். தோளே உசராதவங்களுக்கு ரெண்டும்.

இன்னொருத்தர் போட்ட பழைய சூட்டை வாங்குறவங்க, அதுல என்ன வால்வு இருக்கோ அதோடயே கொஞ்ச நாள் போங்க, பழகாம மாத்தாதீங்க. ஆனா வாங்கும்போது டயாஃபிரம், ஓ-ரிங் புதுசா மாத்திடுங்க, எவ்வளவு நல்லா இருக்குன்னு வித்தவர் சொன்னாலும் சரி.

வால்வு எதுவா இருந்தாலும் முதல் தடவை ஆழத்துல சோதிக்காதீங்க. கழுத்தளவு தண்ணியில நின்னு வால்வை முழுசாத் திறந்து, முழங்கையை மெதுவா உசத்தி எந்த உயரத்துல குமிழி வர ஆரம்பிக்குதுன்னு பாருங்க, அப்புறம் ஒரு கட்டம் இறுக்கி மறுபடி பாருங்க, கிளவுஸோட, கண்ணை மூடி. பக்கத்துல ஒரு ஆள் நிக்கட்டும். அந்த உயரம் கைக்குத் தெரிஞ்ச பிறகு 5, 6 மீட்டருக்குப் போய் அதே இடத்துல ஏறாம இறங்காம மூணு நிமிஷம் நிக்க முடியுதான்னு பாருங்க, நிக்க முடியலைன்னா வால்வை மாத்துறதுக்கு முன்னாடி வெயிட்டையும் அண்டர்சூட் துளையையும் ஒரு தடவை பாத்துடுங்க.